பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?

எங்கள் வீட்டு வை-ஃபை இரண்டு வருடங்களுக்கு மேல் பாஸ்வேர்டே இல்லாமல் இருந்தது. மாரெட்பள்ளியில் அப்பா கட்டிய வீடு. கீழே நானும் என் மனைவியும், மாடியில் அக்கா. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். பள்ளியை விட்டபிறகும் சாக்பீஸை விடவில்லை. மாடி ஹாலில் பெஞ்சு போட்டு டியூஷன் நடத்தினாள்.

ஊரடங்கு வந்து பள்ளிகளை மூடினார்கள். பாடமெல்லாம் போனுக்குப் போனது. ஒரு நாள் காலை அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பின் லைன் பிள்ளைங்க வீட்ல நெட் இல்லடா. நம்ம காம்பவுண்டு சுவர் வரைக்கும் சிக்னல் வருது. அந்தப் பாஸ்வேர்டை எடுத்துடு."

"எடுக்கக் கூடாதுக்கா. வேணும்னா எல்லார்க்கும் சொல்லிடலாம்."

"ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு உட்காந்திருக்கவா? நக்கோ, அதெல்லாம் வேணாம். எடுத்துடு."

நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்ப்பவன். வயர், ரிலே, பூட்டு எல்லாம் பழகிய கை. திறந்து வைப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைப் போனில் திறந்து, பாதுகாப்பு என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்பதைத் தொட்டேன். மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. சரி என்று அமுக்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து சுவரோரம் பிள்ளைகள் முகக்கவசத்தோடு வரிசையாக உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சபையில் ஆராதனை மறுபடி தொடங்கியதும், கமிட்டிச் செயலாளர் என் குடும்பத்தைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப்போலவே அவர்கள் குடும்பமும் அப்பா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பார். கனமான குரல். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, உன் வை-ஃபை எங்க பால்கனி வரைக்கும் நல்லா வருதுப்பா" என்று ஒருமுறை சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிகள் திறந்தன. பிள்ளைகள் சுவரோரம் உட்காருவது நின்றது. டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் மட்டும் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். பாஸ்வேர்டைத் திரும்பப் போட வேண்டும் என்ற நினைப்பு யாருக்கும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் கேட்டைத் தட்டினார். கையில் ஒரு காகிதம். அதில் என் பெயர், தகப்பன் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் சரியாக இருந்தன. சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். எதிர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த பெண்ணின் புகார். தெலுங்குப் பெண், முப்பது வயதுக்குள். ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். அவளுக்கு யாரோ பொய்யான பெயரில் தினமும் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் அழகாக இருக்கிறாய் என்று தொடங்கியது. பிறகு இன்று என்ன நிறம் உடுத்தியிருக்கிறாய், எந்த ஆட்டோவில் ஏறினாய் என்று வந்தது. அதற்கப்புறம் வந்ததை ஸ்டேஷனில் எஸ்.ஐ. எனக்குப் படித்துக் காட்டினார். நான் இங்கே எழுத மாட்டேன். கூடவே அவள் பின்புறமாக நடந்து போகும் போட்டோக்கள். எல்லாம் மதியம் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில், அவள் ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில். எல்லாம் என் வீட்டு இணைப்பிலிருந்து.

"பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" எஸ்.ஐ. தெலுங்கில் கேட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார். மரியாதையாகத்தான் பேசினார்.

"பாஸ்வேர்டே இல்லைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன்?"

சொன்னேன். பிள்ளைகள், பாடம், காம்பவுண்டு சுவர். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரி எனக்கே கேட்டது. மூன்று நாள் என்னை வரச் சொன்னார்கள். என் போனையும், பெங்களூரில் வேலை செய்யும் மகள் இங்கே விட்டுப்போன பழைய லேப்டாப்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் லீவு சொல்லக் காரணம் கிடைக்காமல் வயிற்று வலி என்றேன். தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இஸ்திரி போடுபவர்கூட என் துணியை வாங்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் எஸ்.ஐ. ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "வழக்கமா உங்க நெட்டை யார் யார் உபயோகிக்கிறாங்களோ அவங்க பேரெல்லாம் எழுதுங்க."

எழுதினேன். இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், எந்தப் பெயருக்கும் நான் தயங்கவில்லை. பதினொரு பெயர் எழுதினேன். ஒன்பது பேர் அக்காவின் டியூஷன் பிள்ளைகள். கடைசியில் இஸ்திரிக்காரர், கூரியர் கொண்டுவருபவர். என்னைவிட எளியவர்கள் பெயர்தான் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. எழுதி முடித்துவிட்டு, கேட்காமலே ஒன்று சொன்னேன்.

"இதெல்லாம் என் அக்காவாலதான் சார். அவதான் பாஸ்வேர்டை எடுக்கச் சொன்னா."

"கனெக்‌ஷன் உங்க அக்கா பேர்லயா இருக்கு?"

"இல்லைங்க. என் பேர்ல."

அவர் தாளை மடித்து ஃபைலில் வைத்தார். அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புப் படிக்கிற இரண்டு பையன்களைத் தகப்பன்களோடு கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் செய்யவில்லை என்பது தெரிய அதுவே போதுமாக இருந்தது. ஆனால் அன்று மாலை ஒரு தகப்பன் எங்கள் மாடிப்படியில் நின்று, "ஹமாரா நாம் கைக்கு தியே டீச்சர்?" என்று கேட்டார். எங்கள் பெயரை எதற்குக் கொடுத்தீர்கள் என்று. கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா பதில் சொல்லியிருப்பாள். அவர் பையனின் கணக்கு நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா நேராகக் கீழே வந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"நீயா குடுத்தே?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"பிள்ளைங்க பேரை?"

"அவங்கதானே உபயோகிச்சாங்க."

"என்னைப் பத்தியும் ஏதாச்சும் சொன்னியா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மோர் ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். அக்கா, "ஹவ்" என்று மட்டும் சொன்னாள். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற சொல். தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அந்த வாரத்தில் டியூஷன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். காய்ச்சல், ஊருக்குப் போகிறோம், வேறு இடத்தில் சேர்த்துவிட்டோம். நகரின் மறுகோடியில், குகட்பள்ளியிலிருந்து இணையம் வழியாகப் படித்துக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகள் மட்டும் மிச்சம். அந்த வீடுகளுக்கு எங்கள் தெருக் கதை இன்னும் போய்ச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனோம். வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் யாரும் வரவில்லை. முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து, உடனே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அப்போது செயலாளர் அண்ணன் மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தோளில் கை வைத்தார்.

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியும் தம்பி. கர்த்தர் பார்த்துக்குவார்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கையின் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது. எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை.

என் போனைத் திரும்பக் கொடுத்தபோது எஸ்.ஐ. ஒரே ஒரு விஷயம் சொன்னார். "முதல்ல வீட்டுக்குப் போய் ஒரு பாஸ்வேர்டு போடுங்க சார். நாளைக்கு யாராவது வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினா நீங்கதான் பதில் சொல்லணும்."

சனிக்கிழமை காலை காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரவுட்டரின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு நாளாக அதைப் பற்றித்தான் படித்திருந்தேன். பாதுகாப்பு என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிந்தது. மேலே 'எதுவும் இல்லை'. அதற்குக் கீழே டபிள்யூ.இ.பி. அது பழையது, தெரிந்தவன் சில நிமிடத்தில் உடைத்துவிடுவான். அதற்குக் கீழே டபிள்யூ.பி.ஏ.; அதுவும் பழசுதான். பிறகு இரண்டாவது டபிள்யூ.பி.ஏ. பெரும்பாலான வீடுகளில் அதுதான் இருக்கிறது, நல்ல நீளமான பாஸ்வேர்டு வைத்தால் போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருந்தது. அதற்கடுத்து இரண்டாவதும் மூன்றாவதும் கலந்த ஒன்று. புதிய கருவிகள் புதிய முறையில் சேரும், பழையவை பழைய முறையில் சேரும். கடைசி வரி, மூன்றாவது மட்டும். பழைய கருவிகளை உள்ளேயே விடாது.

என் போன் புதிது. மனைவியின் போனும் புதிதுதான். அக்கா பாடம் எடுக்கிற டேப்லெட் பழையது. ஏழெட்டு வருடம் இருக்கும். பள்ளியில் வழியனுப்பும்போது பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அது மூன்றாவதில் சேராது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். கலந்த முறையின்மேல் விரலை வைத்தேன். எடுத்தேன். கடைசி வரியைத் தொட்டேன். அவள் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று இருந்தது. மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தது நான். அவள் இல்லை.

விருந்தினருக்குத் தனியாக ஒரு நெட்வொர்க் வைக்கும் வசதி இருந்தது, அதையும் அணைத்தேன். இருபது எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு போட்டேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, யாராலும் ஊகிக்க முடியாத ஒன்று. சேமித்ததும் எல்லாக் கருவிகளும் அறுந்து விழுந்தன. சேர்ந்திருப்பவை பூஜ்யம் என்று காட்டியது. அதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பதினொரு மணிக்கு அக்கா படியில் பாதி இறங்கி நின்று கேட்டாள். "நெட் இல்லையா?"

"பாஸ்வேர்டு போட்டிருக்கு." ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். டேப்லெட் கையில் இருந்தது. "நெட்வொர்க்கே காட்டலடா இதுல."

"அது பழசுக்கா. புது முறைல சேராது. போலீஸ் இப்படித்தான் வைக்கணும்னு சொல்லிட்டாங்க."

"சாயங்காலம் அந்த நாலு பிள்ளைங்களுக்குப் பாடம் இருக்கு."

"நான் என்னக்கா பண்ண முடியும்? போலீஸ் சொன்னது."

அவள் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் உறையில் பழைய பள்ளிப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டிருந்தது பாதி அழிந்துபோயிருந்தது. அதை அணைத்துக்கொண்டு மேலே போனாள். அன்று மாலை அவள் தன் சின்னப் போனில், அதன் டேட்டாவை வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு, பின்னம் சொல்லிக் கொடுக்கிற சத்தம் கேட்டது. நடுநடுவே, "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை நான் டூட்டிக்குக் கிளம்பும்போது செயலாளர் அண்ணன் கேட்டருகில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் புதுப் போன். வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது.

"என்ன தம்பி, நெட்டே வரலையே."

"பாஸ்வேர்டு போட்டுட்டேன் அண்ணே. இந்தப் பிரச்சினைக்கு அப்புறம்..."

"ரொம்ப நல்லது. முன்னாடியே போட்டிருக்கணும். காலம் கெட்டுக் கிடக்கு." போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "மகன் தினம் மதியம் வீடியோல வருவான். அவங்க அம்மா அதுக்காகவே உட்காந்திருப்பா."

போனை வாங்கினேன். இருபது எழுத்தையும் நானே அடித்துக் கொடுத்தேன். புதுப் போன், ஒரு நொடியில் சேர்ந்துகொண்டது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டு போட்டதால் நின்றுவிட்டது என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாள் எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளோடு நேரே வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல் கேட்டார்.

"நேத்து மதியம் ஒண்ணே முக்காலுக்கு அந்தப் பொண்ணுக்குத் திரும்ப மெசேஜ் வந்திருக்கு. உங்க நெட்ல இருந்துதான். பாஸ்வேர்டு போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன் சார். இருக்கிறதுலயே கெட்டியானது."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. என் மனைவிக்கு. அக்காகிட்ட எழுதிக் குடுத்தேன், ஆனா அவ டேப்லெட் சேராது. வேற யாருக்கும் இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நேத்து அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"டூட்டியில சார்."

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், போலீசிடம் இல்லை, மெதுவாகச் சொன்னாள். "பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நீங்கதானே அடிச்சுக் குடுத்தீங்க."

சத்தியமாக எனக்கு மறந்துபோயிருந்தது. முதல் பட்டியல் எழுதியபோதும் அப்படித்தான். பால்கனியில் அவர் தினமும் போனோடு உட்காருவதை நான் பார்க்காதவன் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட மனிதரைப் பட்டியலில் எழுதலாம் என்பதே என் மண்டைக்குள் இல்லை. எஸ்.ஐ. எழுந்து, கான்ஸ்டபிளுக்குத் தலையை அசைத்துவிட்டு, பக்கத்துக் கேட்டைத் திறந்துகொண்டு போனார். பத்து நிமிடத்தில் அந்தப் புதுப் போனோடு திரும்பி வந்தார். அழித்ததெல்லாம்கூட அதிலிருந்து கிடைத்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கசக்கிறது. சபைக் கமிட்டியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார்கள் என்று நினைத்து மனைவி டீ போட்டாள். அவர்கள் வந்தது வேறு காரியத்துக்கு. பாஸ்வேர்டு கொடுத்ததாக நான் எழுத்தில் சொல்ல வேண்டாம், வயதானவர், அவர் மனைவி நோயாளி, சபையின் பெயர் கெடும். எதிர் வீட்டுப் பெண்ணின் பெற்றோரையும் ஊரிலிருந்து வரவழைத்துப் பேசியிருக்கிறார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண், கோர்ட் என்று போனால் யார் கேட்பார்கள் என்று. நான் என் வாக்குமூலத்தைக் கொடுத்திருந்தேன், அதை மாற்றவில்லை. ஆனால் வாய் திறந்து அவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் புகாரைத் தொடரவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு குகட்பள்ளிக்குப் போய்விட்டாள். செயலாளர் அண்ணன் மூன்று மாதம் மகனிடம் போய் இருந்துவிட்டு வந்தார். இப்போதும் வேதபாடம் வாசிக்கிறார். நாங்கள்தான் வேறு சபைக்குப் போகிறோம்.

எல்லாம் அடங்கியபிறகு ரவுட்டரில் கலந்த முறையைத் தேர்ந்தெடுத்தேன். மாடிக்குப் போய்ச் சொன்னேன். "அக்கா, இப்ப உன் டேப்லெட் சேரும்."

அக்கா விடைத்தாள் மாதிரி எதையோ திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "மிக்ஸ்டுன்னு ஒண்ணு இருக்குன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். குகட்பள்ளி பிள்ளை ஒருத்தி அம்மா கம்ப்யூட்டர் வேலைதான். கேட்டேன், சொன்னா."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீயா மாத்துறியான்னு பார்த்தேன்."

மறுவாரமே அவள் பெயரில் தனியாக ஒரு இணைப்பு வந்தது. பிள்ளைகள் திரும்ப வரவில்லை. என்னோடு பேசாமல் இல்லை. தண்ணீர் வந்ததா, மோட்டார் போடவா என்று பேசுவாள். அவ்வளவே.

போன மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போய் உட்கார்ந்து கையை நீட்டினேன். ரப்பர் பட்டையைக் கட்ட வந்தவள் அந்தப் பெண். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் என்னைத் தெரிந்துகொண்டன. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன்.

"பேர் சொல்லுங்க" என்றாள் தெலுங்கில். சொன்னேன். சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். நரம்பைத் தேடி விரலால் தட்டினாள். ஊசி ஏறியது தெரியவே இல்லை, அவ்வளவு சுத்தமான கை.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்மா" என்றேன்.

அவள் குழாயில் இரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க அக்கா வாரா வாரம் எனக்குப் போன் பண்றாங்க. நான் வீடு மாறின அன்னைக்குச் சாமான் கட்ட வந்தது அவங்கதான். எங்க அம்மா அப்பாகிட்ட, கேஸை விடாதீங்க, நான் கூட நிக்கிறேன்னு சொன்ன ஒரே ஆளும் அவங்கதான்."

எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டில்.

"அவ என்கிட்ட சொல்லலையே" என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?"

ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து என் விரலை அதன்மேல் அழுத்தினாள். "அஞ்சு நிமிஷம் அப்படியே பிடிங்க. தேய்க்காதீங்க" என்றாள். பிறகு வாசலைப் பார்த்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.